மாத்தூர் லாரி குஷன் பட்டறை: ஷீட்டை விட ஓட்டை அடைப்புக்குக் கொடுத்த காசுதான் லாபம்

மாதவரம் 200 அடி சாலையில் மாத்தூர் பக்கம் இருக்கிற இந்த லாரி குஷன் பட்டறைக்குப் பழைய டீசல் வண்டிக்காரர்கள் தாராளமாகப் போகலாம். கேபினுக்குள் வருகிற இன்ஜின் சத்தம் நன்றாகவே குறைகிறது. ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் எனக்கு ஓட்டவே வரும் என்கிற ஆளாக இருந்தால், அவர்கள் சொல்கிற வேலையில் பாதியை மட்டும் செய்துகொண்டு வந்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், முதல் வரியை மட்டும் படித்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற ஆட்கள் நம்மில் நிறைய.

பெயர்ப்பலகை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பழைய லாரிக் கதவில் 'லாரி குஷன், லைனிங், ரெக்சின்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பஞ்சர் கடை, பட்டா பட்டறை, டீக்கடை என்று போகிற அந்த வரிசையில் குஷன் பாய் எங்கே என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். பெரியவர் ஒருவர், அவர் மகன், கூட இரண்டு பையன்கள். மணலி, மீஞ்சூர், காட்டுப்பள்ளி பக்கம் ஓடுகிற டிரெய்லர்கள்தான் அவர்களுக்கு அதிகம், சீட் கிழிந்தது, ரூஃப் தொங்குவது, படுக்கை மாற்றுவது என்று வருகிறார்கள். சத்தம் குறைக்கவென்று வருகிறவர்கள் குறைவாம். "லாரின்னா சத்தம் வரத்தான் செய்யும்னு எல்லாரும் வுட்டுட்றாங்கண்ணா" என்றார் மகன்.

என் வண்டி டாடா 1613, 2009 மாடல், கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர். (1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் லேலண்ட் ஆன கம்பெனி எண்ணூரில் இருக்கும்போது நீ ஏன் டாடா ஓட்டுகிறாய் என்று கேட்கிற சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு, அவர்களுக்கு வேறு ஒரு நாள் பதில் சொல்கிறேன்.) நாயுடுப்பேட்டை, நெல்லூர் பக்கமிருந்து செங்குன்றத்துக்கு நெல், திரும்பிப் போகும்போது கிடைத்த லோடு, இதுதான் பிழைப்பு. இந்த வண்டியில் இன்ஜினில் பாதி கேபினுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவில் பானட், அதற்கு அடியில் இன்ஜின். கம்பெனியிலிருந்து வந்தது சேசிஸும் முன்பக்க முகமும் மட்டும், கேபின் நாமக்கல்லில் கட்டியது. ஆங்கிள், தகரம், பிளைவுட், மேலே ரெக்சின். கட்டியவர் நன்றாகத்தான் கட்டியிருந்தார், ஆனால் இத்தனை வருடம் ஆன பிறகு தகரம் ஒரு பக்கம் அதிரும், பிளைவுட் ஒரு பக்கம் அடிக்கும், ஸ்க்ரூ ஒவ்வொன்றும் தனியாகப் பேசும். வேகம் ஐம்பதைத் தாண்டினால் கிளீனர் தம்பியிடம் கத்தித்தான் பேச வேண்டும். வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருக்கும், அதிலும் வலது காதில் அதிகம், ஜன்னல் பக்கம் இருக்கிற காது அதுதானே.

இதைச் சும்மா சொகுசு விஷயமாக நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்கிற நையாஷ் என்கிற அரசு நிறுவனத்தின் கணக்குப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும், 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு மணி. என் வண்டியில் ஜன்னலை ஏற்றிவிட்டு அறுபதில் போகும்போது போன் ஆப் 88 காட்டியது. போன் மீட்டர் காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் ஒரே போன், ஒரே இடம், ஒரே ரோடு, ஒரே வேகம் என்று வைத்துக்கொண்டால் முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். இங்கே நான் சொல்கிற எண்கள் எல்லாம் அப்படித் தச்சூருக்கும் காரனோடைக்கும் நடுவில் எடுத்தவை.

சரி, பட்டறைக்கு வருவோம். போனதும் சத்தம் தடுக்க ஒட்டுகிற ஷீட் சதுர அடி இவ்வளவு என்று ஆரம்பிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். பெரியவர் வண்டியை ஸ்டார்ட்டில் விடச் சொன்னார். கியர் ராடைத் தொட்டுப் பார்த்தார், ஸ்டியரிங்கில் கையை வைத்தார், பானட்டைத் திறந்து, சிலிண்டர்களிலிருந்து புகை வெளியே வருகிற மேனிஃபோல்டு பக்கம் டார்ச் அடித்தார், ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையை இன்ஜினில் அங்கங்கே ஊன்றிக் கேட்டார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னாபா, வலி தாங்காம கத்திக்கினு கீது, நீ வாயில துணி அடைக்கச் சொல்ற" என்றார். மகன் அதையே மரியாதையாகச் சொன்னார்: "மெக்கானிக் வேலைய முட்ச்சிட்டு வாங்கண்ணா. இப்ப ஒட்னா எங்களுக்குக் காசு, உங்களுக்கு வேஸ்ட்டு." நாலு கடை தள்ளி ஒரு மெக்கானிக்கைக் கை காட்டினார்கள். அவரிடமிருந்து உங்களுக்குக் கமிஷன் வருமா என்று நேராகவே கேட்டேன். டீ வாங்கிக் கொடுப்பார் என்றார் பெரியவர். வந்த காசை வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற கடை இந்த லைனில் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இந்த ஒரு விஷயத்துக்காகவே எழுத உட்கார்ந்தேன்.

பெரியவர் கண்டுபிடித்த முதல் விஷயம், மேனிஃபோல்டும் இன்ஜினும் சேர்கிற இடத்தில் இருக்கிற பேக்கிங். பின்பக்கச் சிலிண்டர் ஓரம் கரி படிந்திருந்தது. எக்ஸாஸ்ட் அங்கே கசிந்தால் டிக் டிக் என்று டேப்பட் (வால்வைத் தட்டுகிற பாகம்) சத்தம் போலவே கேட்கும், அதனால் நிறையப் பேர் டேப்பட்டையே திருகிக்கொண்டிருப்பார்கள். வித்தியாசம் என்னவென்றால் பேக்கிங் கசிவு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அதிகமாகக் கேட்கும், இரும்பு சூடேறி விரிந்ததும் கொஞ்சம் அடங்கும், லோடில் ஏற்றம் ஏறும்போது மறுபடி கேட்கும். சத்தம் மட்டும் பிரச்சினை இல்லை. டர்போவுக்கு முன்னாலேயே புகை வெளியேறுவதால் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளுகிற காற்றழுத்தம், குறையும், வண்டி இழுக்காது. அதை விட முக்கியம், இந்தக் கசிவை அப்படியே விட்டுவிட்டுக் கேபினை இறுக்க அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கும். அதற்கு வாசனையே கிடையாது. வண்டியை ஓடவிட்டு உள்ளேயே தூங்குகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்: எக்ஸாஸ்ட் கசிவை நிறுத்தாமல் சத்தத் தடுப்பு வேலை செய்யவே செய்யாதீர்கள். எனக்கு ஸ்டட் உடைந்து, மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கிறது என்று லேத்துக்குப் போய், அதில் ஒரு தனிச் செலவு.

இரண்டாவது, இன்ஜினைச் சேசிஸ் மேல் தாங்குகிற மவுண்டிங் ரப்பர். பார்த்தால் ரப்பர் இருந்தது, அழுத்தினால் கல். பதினைந்து வருட எண்ணெயும் சூடும் பட்டால் அப்படித்தான் ஆகும். நாமே சோதிக்கலாம்: ஹேண்ட்பிரேக் போட்டு, முன்னால் ஆள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, கியரில் போட்டுக் கிளட்சைக் கொஞ்சமாக விடுங்கள், பக்கவாட்டில் நின்று ஒருவர் இன்ஜினைப் பார்க்கட்டும். அளவுக்கு மீறித் தூக்கி விழுந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது, அசையவே இல்லாமல் கேபின் மொத்தமும் நடுங்கினால் ரப்பர் கல்லாகிவிட்டது. என்னுடையது இரண்டாவது ரகம்.

மவுண்டிங் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், லாரியில் தலைவலி கொடுப்பது கீச்சுச் சத்தம் இல்லை, 'ம்ம்ம்' என்று உடம்புக்குள் இறங்குகிற அந்தத் தடித்த சத்தம். கணக்கு எளிது. ஆறு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை வெடிக்கிறது. 1,500 ஆர்பிஎம்மில் ஓடினால் வினாடிக்கு 25 சுற்று, அதாவது வினாடிக்கு 75 வெடிப்பு. இந்த 75 ஹெர்ட்ஸ் அதிர்வு காற்று வழியாக மட்டும் வருவதில்லை, மவுண்டிங் வழியாகச் சேசிஸ், சேசிஸ் வழியாகக் கேபின், கேபினிலிருந்து ரூஃப் தகரம் என்று இரும்பிலேயே நடந்து வருகிறது. இதை எந்த ஷீட்டும் தடுக்காது, நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து ஒட்டினாலும் சரி. கார் சாமான் கடைகளில் ரோல் ரோலாகத் தொங்குகிற வெள்ளி ஷீட்டை வாங்கி ஒட்டிவிட்டு ஒன்றுமே குறையவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ரப்பரோடு கேபின் புஷ்ஷும் மாற்றினேன். நாமக்கல் கேபின் என்பதால் இரண்டு இடத்தில் புஷ்ஷே இல்லாமல் நேராகப் போல்ட் அடித்திருந்தது, அங்கே ரப்பர் வைத்தார்கள்.

அந்த மெக்கானிக் டேப்பட் இடைவெளியும் வைத்தார். இந்த இன்ஜினுக்கு இன்டேக் பத்து தவு, எக்ஸாஸ்ட் இருபது தவு (ஒரு தவு என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.25, 0.51 மில்லிமீட்டர், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். சத்தம் குறைய வேண்டும் என்று இடைவெளியை இதை விடக் குறைத்து வைத்தால் வால்வு சரியாக உட்காராமல் கருகும். டீசல் தெளிக்கிற நாசில்களைக் கழற்றி டெஸ்ட்டரில் போட்டுப் பார்த்ததில் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது, அதை மாற்றியதில் ஸ்லோவில் வந்த முரட்டு 'நாக்' (தட்டுகிற சத்தம்) கொஞ்சம் மென்மையானது. இதற்கெல்லாம் முன்பு வேறோர் இடத்தில், பெயர் வேண்டாம், பம்ப் டைமிங்கைக் கொஞ்சம் தாமதப்படுத்திவிட்டால் சத்தம் பாதியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். குறையும், உண்மைதான். டீசல் தாமதமாக உள்ளே போனால் அழுத்தம் திடீரென்று ஏறாது, அதனால் நாக் குறையும். கூடவே இழுவை போகும், புகை வரும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், மைலேஜ் அடிவாங்கும். டீசல் விற்கிற விலைக்கு இந்த யோசனை சொல்கிறவரை என்னவென்று சொல்வது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மெக்கானிக் வேலை மட்டும் முடிந்தபோதே 88 என்பது 85 ஆகியிருந்தது. கியர் ராடு நடுக்கம் பெரும்பாலும் நின்றுவிட்டது. இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆனால் அடுத்து பாய் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கேபினைச் சுற்றிக் கண்ணாடியெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, உள்ளே என்னையும் மகனையும் உட்கார வைத்தார். வெளியே ஒரு பையன் பெரிய எல்இடி லைட்டோடு வண்டிக்கு அடியில் படுத்து, பானட் ஓரம், முன்பக்கத் தகரம், கால் வைக்கிற இடம் என்று நகர்த்திக்கொண்டே வந்தான். உள்ளே இருட்டில் பார்த்தால், யப்பா, எத்தனை இடத்தில் வெளிச்சம்! கிளட்ச் பெடல் போகிற துவாரம், ஆக்சிலரேட்டர் ராடு, ஸ்டியரிங் காலம் அடிப்பகுதி, எப்போதோ யாரோ ஆடியோ செட்டுக்கு வயர் இழுக்கப் போட்டு அப்படியே விட்ட டிரில் ஓட்டைகள், கியர் ராடு பூட் கிழிசல், பானட்டின் பின்பக்க ஓரம் முழுக்க ஒரு விரல் நுழைகிற இடைவெளி. மகன் சாக்பீஸால் ஒவ்வொன்றாக வட்டம் போட்டுக்கொண்டே வந்தார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் போதும், மீதி 99 பங்கை இரும்பில் செய்தாலும் ஈயத்தில் செய்தாலும் அது தடுக்கிற சத்தம் சுமார் 20 டெசிபலைத் தாண்டாது. அதாவது அந்த ஓட்டைகளை விட்டுவிட்டு எவ்வளவு கனமாக ஒட்டினாலும் சத்தம் ஓட்டை வழியாக வந்துவிடும். இதற்குப் பெரிய பொருள் எதுவும் தேவையில்லை. வயர் போகிற இடத்துக்கு ரப்பர் குரோமெட், சும்மா இருக்கிற ஓட்டைக்குத் தகரத் துண்டு வைத்து ரிவெட் அடித்துச் சீலன்ட், பெடலுக்குப் பழைய டியூபில் வெட்டி இரண்டு அடுக்காகச் செய்த கீறல் விட்ட மூடி, கியருக்குப் புது பூட், பானட் ஓரத்துக்குக் குழாய் வடிவ ரப்பர் பீடிங், கதவுக்கும் புது பீடிங். பானட் கொக்கியை இரண்டு பக்கமும் இறுக்கி வைத்ததால் பீடிங் நன்றாக அழுந்துகிறது. இது மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம். வண்டியை ஒரு சுற்று எடுத்துப் பார்த்தேன், 82. ஷீட் இன்னும் ஒரு துண்டுகூட ஒட்டவில்லை. டீசல் வாசனையும் தூசியும் குறைந்தது, நெல் லோடு ஏற்றும்போது பறக்கிற உமித்தூசி தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அப்புறம் ஒட்டுகிற வேலை. இவர்கள் கேபின் தரைக்குப் போடுவது பழைய கன்வேயர் பெல்ட். துறைமுகமும் அனல் மின் நிலையமும் நிலக்கரியும் இருக்கிற ஊர், கழித்துப் போட்ட பெல்ட் காயலான் கடைக்கு வந்துவிடுகிறது. காற்று வழியாக வரும் சத்தத்தைத் தடுக்கத் தேவை கனம், சதுர மீட்டருக்கு இருக்கிற எடை இரட்டிப்பானால் சுமார் ஐந்து, ஆறு டெசிபல் கூடுதலாகத் தடுக்கும் என்பது பொது விதி. ஒரு சென்டிமீட்டர் தடிப்புப் பெல்ட் சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். கடையில் விற்கிற கனமான வினைல் ஷீட்டில் இந்த எடையை எட்ட வேண்டுமானால் எத்தனை அடுக்கு, எவ்வளவு காசு என்று யோசித்துப் பாருங்கள். பெல்ட்டுக்குக் கீழே மெல்லிய ஃபோம் ஓர் அடுக்கு வைத்துத்தான் போடுகிறார்கள், தகரத்தில் நேராக உட்கார்ந்தால் அதிர்வு ஏறிவிடுமாம். குறை என்றால் வாடை. மதிய வெயிலில் ரப்பர் வாடை ஆரம்பத்தில் தூக்கி அடித்தது, போகப் போகக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

வெள்ளி முகம் வைத்த பியூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர்) ஷீட்டைக் கதவுகளுக்குள்ளும் பின்சுவரிலும் மட்டும் ஒட்டினார்கள். அதையும் முழுக்க மூடவில்லை, ஒவ்வொரு தகரத்தின் நடுப்பகுதியிலும் ஒரு துண்டு. ஏன் மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். மகன் தகரத்தைத் தட்டிக் காட்டினார், ஒட்டுவதற்கு முன் டங், ஒட்டிய பின் டப். இந்த ஷீட்டின் வேலை தகரம் அதிராமல் பிடித்துவைப்பது, அதற்குக் கால் பங்கிலிருந்து பாதிப் பரப்பு மூடினாலே போதும். சத்தத்தைத் தடுக்கிற வேலையும் உறிஞ்சுகிற வேலையும் வேறு பொருட்களுடையது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு எல்லா இடத்திலும் ஒரே ஷீட்டை ஒட்டுவதால்தான் நிறையப் பேருக்குக் காசு கரைகிறது.

பானட்டின் அடிப்பக்கம்தான் ரொம்ப ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டிய இடம், இதில் இவர்களை முழுசாகப் பாராட்டலாம். ஃபோமை எடுத்து ஒரு துண்டு வெட்டி லைட்டர் வைத்துக் காட்டினார்கள், கருகியது, எரிந்து சொட்டவில்லை. அலுமினிய முகம் இன்ஜின் பக்கம் பார்த்து, ஓரமெல்லாம் டேப் சுற்றி, எண்ணெய் உள்ளே இறங்காதபடி செய்து, பசையோடு பின்னும் வாஷரும் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். ரப்பர் பசையை மட்டும் நம்பினால் சூட்டில் இளகி, ஷீட் அவிழ்ந்து ஃபேனிலோ டர்போ மேலோ விழும். டர்போவுக்கு நேர் மேலே ஃபோமே வைக்கவில்லை, அங்கே தகரத் தடுப்பு மட்டும். எங்கள் தெருவில் ஒருவர் மெத்தைக் கடை ஃபோமைப் பானட்டுக்கு அடியில் ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தார், அது டீசலும் எண்ணெயும் குடித்து ஊறி, ஒரு நாள் எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் வரிசையில் நிற்கும்போது புகைந்து, தண்ணீர் கேனைக் கவிழ்த்து அணைத்தார்கள். சத்தம் குறையவே குறையாவிட்டாலும் பரவாயில்லை, அப்படி மட்டும் செய்யாதீர்கள்.

ரூஃப் வேலை எனக்குத் திருப்தி இல்லை. தகரத்தில் துண்டு துண்டாக ஷீட், அதன் மேல் ஃபோம், அதன் மேல் ரெக்சின், செலவும் மற்ற வேலைகளுக்குக் குறையாமல் நாலாயிரத்துச் சொச்சம். சத்தத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, மழை பெய்யும்போது மேலே விழுகிற சடசடப்பு போனது, வெயில் சூடு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். கிளீனர் பக்கம் ஒரு மூலையில் ரெக்சின் ஏற்கெனவே தொங்க ஆரம்பித்துவிட்டது. கொண்டு வாருங்கள், இழுத்து அடித்துத் தருகிறோம், காசு வேண்டாம் என்கிறார்கள். அதற்காக ஒரு லோடை விட்டுவிட்டுப் போக வேண்டுமே.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். எல்லாம் முடிந்து, ஜன்னலை ஏற்றி, அறுபதில் 80. நின்ற இடத்தில் ஸ்லோவில் 76 இருந்தது 68. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும் என்பார்கள், எட்டு என்பது அதற்குப் பக்கத்தில். கிளீனரிடம் சாதாரணமாகப் பேச முடிகிறது. இடது முழங்கால் வேகாமல் இருக்கிறது, பானட்டில் பேட் ஒட்டியதில் எனக்கு அதுதான் பெரிய லாபம்.

ஜன்னலைத் திறந்தால்? 86. முன்பு ஜன்னல் திறந்து 89. மூன்றுதான் வித்தியாசம், அதுவும் பெரும்பாலும் மெக்கானிக் வேலையால் வந்தது. ஏசி இல்லாத கேபினில், மே மாதத்தில், மணலி ரோட்டில் ஜன்னலை ஏற்றிவிட்டு யார் ஓட்டுவார்கள்? பகலில் ஓட்டுகிறவருக்கு இந்தப் பட்டறையில் நான் செய்த வேலையில் பாதி பிரயோஜனமே இல்லை. இதை ஒட்டுவதற்கு முன்னாலேயே மகன் சொன்னார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நான் பெரும்பாலும் ராத்திரியில் நெல்லூர் ரோட்டில் ஓடுகிறேன், பனிக்காலத்தில் ஜன்னல் ஏறியேதான் இருக்கும், அதனால் எனக்குச் சரி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள், அந்த வண்டிகளில் இந்த வேலை செய்தால் முழுப் பலன் கிடைக்கும், ஆனால் அந்த வண்டிகளுக்கு இந்த வேலை தேவைப்படப் போவதில்லை. பழைய வண்டிக்காரர்கள் நாம்தான் வியர்வையா சத்தமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

இவர்களால் தொட முடியாத சத்தங்களும் இருக்கின்றன. ரேடியேட்டர் ஃபேன் அதில் முதல். ஃபேன் சத்தம் சுற்று வேகத்தோடு மளமளவென்று ஏறும், வேகம் இரட்டிப்பானால் 15 டெசிபல் அளவுக்குக் கூடும். ஃபேனைச் சுற்றி இருக்கிற ஷ்ரவுட் உடைந்திருந்தால் இன்னும் மோசம், அதை முதலில் மாற்றுங்கள். முன்பக்க டைமிங் கியர் போடுகிற சத்தம் இந்த இன்ஜினின் பிறவிக்குணம். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகிற ஹோஸில் விரிசல் இருந்தால் உஸ் என்று இழுக்கும், அதைச் சத்தத்துக்காக இல்லாவிட்டாலும் இன்ஜினுக்காகப் பாருங்கள், தூசி நேராக உள்ளே போகிறது. சைலன்சர் உள்ளே தட்டு துருப்பிடித்து விழுந்திருந்தால் குலுக்கினால் கலகலக்கும்.

காசு விவரம்: பட்டறைக்கு மட்டும் பத்தொன்பதாயிரத்துக்குச் சற்று மேல். மெக்கானிக், மவுண்டிங், லேத் எல்லாம் தனியாக ஒன்பதாயிரம் போல. பில் கேட்டால் ஒரு நோட்டுத்தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள், கம்பெனி வண்டிக்காரர்களுக்கு அது உதவாது. சொன்ன நாளில் தருவது என்கிற பழக்கம் கிடையாது, ஒரு டிரெய்லர் வந்து நின்றால் உங்கள் வண்டியை விட்டுவிட்டு அதற்குப் போய்விடுவார்கள், வண்டி சும்மா நிற்கிற நாளுக்கு டியூ கட்டுவது நாம்தானே. நிழல் இல்லை. இன்னொன்று, முதலில் ஃபியூஸ் பாக்ஸ் மூடியையும் சேர்த்து ரெக்சின் இழுத்து மூடிவிட்டார்கள். பார்த்து, பிரித்து, வெல்க்ரோ வைத்துத் தரச் சொன்னேன். நீங்களும் வண்டியை எடுப்பதற்கு முன் டிப்ஸ்டிக், ஃபியூஸ், பானட் கொக்கி, கியர்பாக்ஸ் மேல்தட்டு எல்லாம் பழையபடி கைக்கு எட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயம் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. முன்பு பிரேக் ஏர் கசிந்தாலும் டயரில் ஏதாவது அடித்தாலும் ஜன்னல் இறக்கியிருப்பதால் காதில் விழும். இப்போது ஜன்னல் ஏற்றி ஓட்டும்போது பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பதுகூடச் சில சமயம் தாமதமாகத்தான் தெரிகிறது. அதனால் நல்லூர் டோலில் நிற்கிற நேரத்தில் ஜன்னலை இறக்கி ஒரு தடவை வண்டியைக் கேட்டுவிட்டு, ஏர் மீட்டரையும் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

போகிறவர்களுக்கு: மெக்கானிக் வேலையை முடித்துவிட்டுப் போங்கள், இன்ஜினைக் கழுவிக்கொண்டு போங்கள், எண்ணெய்ப் பிசுக்கில் எதுவும் ஒட்டாது, அவர்களும் தொட மாட்டார்கள். காசு குறைவு என்றால் ஓட்டை அடைப்பும் தரை பெல்ட்டும் பானட் பேடும் மட்டும் போதும், ரூஃபை விட்டுவிடுங்கள். மழை பெய்தால் பட்டறை முன்னால் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விட்டு இரண்டரைக்கு மேல்தான் வருவார்கள், அன்றைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.